ஜனீன் கூரையில் பூத்த சூரியகாந்தி

ஆஸ்திரேலியாவின் கேசில்மெய்ன் ஊரில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி முதன்முதலாக வீடு கட்டியவர் நெவில். பஸ் ஓட்டிய காலத்தில், விடுமுறை நாளெல்லாம் சுண்ணாம்பு குழைத்து, தேவதாரு மரத்தில் ஜன்னல் இழைத்து, தன் கையால் எழுப்பிய வீடு. வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத வீடுகளையெல்லாம் ஊர் பார்க்கத் திறந்துவிடுவார்கள். அன்று அவர் வாசலில் வரிசை நிற்கும்.

வைக்கோல் வீட்டுக்காரர்கள் சுவரில் ஓரிடத்தை மட்டும் பூசாமல் விட்டு, அதற்குச் சின்னதாகக் கண்ணாடி போடுவார்கள். உள்ளே நிஜமாகவே வைக்கோல்தான் என்று காட்டுவதற்கு. உண்மை ஜன்னல் என்று பெயர். அதன் முன்னால் நின்று நெவில் வாயைத் திறந்தால் மூட ஆள் கிடையாது. அந்த ஒருநாள் பேச்சுக்காகத்தான் மனுஷர் மீதி வருஷத்தை ஓட்டினார்.

பக்கத்து மனைக்கு ஜனீன் வந்தாள். அத்தோடு போயிற்று. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அவளுக்குச் சுத்தியலை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. வீட்டை எங்கோ செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த நாட்டில் வெயில் விழும் வடக்குக் கூரை முழுக்கக் கறுப்பு சோலார் பேனல், கார் நிறுத்துமிடத்தில் பேட்டரி. அந்த வருஷம் வரிசை அங்கே போய்விட்டது. நெவில் வீட்டுக்கு வந்தது இரண்டே பேர். அவர்களும் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அவர் மனைவி கோரலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன, அரண்மனையாட்டம் இருக்கோ?"

"தரை கதகதன்னு இருக்கு நெவ். ஷூவக் கழட்டிட்டு நின்னேன். வர மனசே வரல."

"அப்ப அங்கயே படுத்துக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். ரூம் இருக்குன்னு சொன்னா."

நெவிலுக்கு வயிறு பற்றி எரிந்தது. தினமும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?" என்பார். ஜனீன் போனைப் பார்த்து, கபடமில்லாமல், "நாப்பது யூனிட் நெவ். உங்களுக்கு?" என்பாள். அவர் கூரையில் இருந்தது பழைய பேனல் ஆறு. "மேகமா இருந்துச்சே" என்று முனகிவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வார். இரண்டு கூரைக்கும் மேலே இருந்தது ஒரே வானம்தான்.

அடுத்த ஆகஸ்டில், குளிர் விடுகிற நேரத்தில் அவருக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளைக் கொண்டைக்கிளி அகப்பட்டதையெல்லாம் கடித்துத் துப்பும் ஜாதி. அதற்குத் தீனி போடக்கூடாது என்று அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நெவில் சூரியகாந்தி விதை ஒரு மூட்டை வாங்கினார். தோட்டத்தில் விதைக்க என்று கோரலிடம் சொன்னார். இரண்டு வருஷமாக எருவும் தண்ணீரும் கொட்டியும் முழங்காலுக்கு மேல் வளராத செடி அது. மனுஷர் விடமாட்டார் போலிருக்கிறது என்று அவளும் நம்பினாள்.

ஜனீன் வேலைக்குப் போனதும் கை நிறைய அள்ளி அவள் கூரைமேல் வீசினார். கிளிகள் திருவிழாக் கூட்டமாக வந்தன. பேனல் ஒயரை ஒரே ஒரு கடி கடித்தால் போதும் என்று வேலியோரம் நின்று வேண்டிக்கொண்டார்.

ஜனீனின் ஒயரெல்லாம் இரும்புக் குழாய்க்குள் இருந்தது. ஜன்னல்கள் அலுமினியம். கிளிகளுக்கு அங்கே தின்ன மட்டும்தான் வழி. தின்றுவிட்டு அலகு தீட்ட மரம் வேண்டாமா? வேலி தாண்டி வந்து நெவிலின் தேவதாரு ஜன்னலில் உட்கார்ந்தன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர் யாரிடம் போய் அழுவார்? விதை வீசுவதை நிறுத்தினார். கிளிகள் வருவதை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து அந்தக் கூரைப் பக்கம் அவர் தலையைத் திருப்பவே இல்லை.

நவம்பர் ஞாயிறு வந்தபோது மேற்கு ஜன்னல் சட்டம் போய், பூச்சும் பெயர்ந்து, சுவரில் வாளி நுழையும் அளவுக்கு ஓட்டை. கதவைச் சாத்திவிடலாமா என்று நெவில் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜனீன் தன் வீட்டு வரிசையைப் பார்த்துக் கத்தினாள்.

"முதல்ல பக்கத்து வீட்டுக்குப் போங்க! கிளி சுவத்தையே பிரிச்சுக் காட்டியிருக்கு!"

மொத்தக் கூட்டமும் வந்துவிட்டது. ஆளாளுக்குச் சுவருக்குள் கையை விட்டார்கள்.

"இருவது வருஷத்து வைக்கோலா பெரியவரே? நேத்து அறுத்தாப்ல வாசம் அடிக்குதே!" என்றார் ஒருவர்.

நெவிலுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரைத் தட்டினார், கதை சொன்னார், நடுவில் ஜனீனை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "கிளி இவ்வளவு வராதே. பக்கத்துல யாராவது தீனி போடுறாங்களோ?"

"சேச்சே! அந்த ஈனப் புத்தி இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?" என்றார் நெவில்.

"அப்ப அது எப்படி வந்துச்சு?" என்று ஜனீன் தன் கூரையைக் காட்டினாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில், சருகுக் குப்பையில் வேர்விட்டு, வரிசையாகச் சூரியகாந்தி.

கோரல் பூவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "தோட்டத்துல வெதச்சே மூட்டை காலியாயிடுச்சுன்னு சொன்னியே நெவ்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வரிசை சிரித்தபடியே பூப் பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்தது. நெவிலும் ஓட்டையும்தான் மிச்சம்.

"ஏணி உங்ககிட்டதான இருக்கு?" என்றாள் ஜனீன், கோபமே இல்லாமல். "நட்டவரே வந்து பறிச்சுக் குடுத்துடுங்க."

ஊர் பார்க்க நெவில் ஏறினார். மேலே போனவர் பறிக்காமல் அப்படியே நின்றார். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"என்ன நெவ், மயக்கம் வருதா?" என்று கோரல் கீழேயிருந்து கத்தினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் நெவில். "இவளுக்கு மட்டும் எப்படி கோரல் இவ்வளவு பெரிசாப் பூக்குது?"