இத்தாலிக்கு ஒரு பார்சல்

இன்று காலை நியூசிலாந்தின் மனுரேவாவில் ரயிலேறி, வாக்மேனில் இத்தாலியன் பாடக் கசெட் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த சிவம் அண்ணன் என்னவென்று கேட்டார். தினமும் இதே ரயிலில் வரும் யாழ்ப்பாணத்துக்காரர், கிடங்கில் வேலை.

ஜூலையில் ரோமில் நாலு வாரக் கோடை வகுப்பு, மொழியும் கலாசாரமும் சொல்லித்தருவார்கள் என்றேன்.

"அங்க ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லண்ணா. சும்மா படிக்கத்தான்."

சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு யாராவது போவார்களா என்பதுபோல் பார்த்தார்.

"என்ர தம்பி ஆறு வருஷமா ரோமில கோப்பை கழுவுறான். வகுப்புக்குப் போகாமலே இத்தாலிக்காரன் மாதிரிக் கதைப்பான்."

எனக்கு இதுவரை காபி கேட்க மட்டும் வருகிறது.

மாலை நான் இறங்கும்போது ஸ்டேஷனில் பார்சலோடு நின்றார். இரண்டு கிலோ மிளகாய்த்தூள், தம்பிக்கு. அதன்மேல் ஒரு சின்ன இங்கிலீஷ் அகராதி.

"தூள் சரி. இது எதுக்குண்ணா?"

"அவன் இங்க வரவெண்டு வெளிக்கிட்டவன். இடையில மாட்டுப்பட்டிட்டான். வரேக்க இங்கிலீஷ் வேணுமெல்லே."

வாங்கிக்கொண்டேன்.

இதைப் படிப்பவர்களில் ஜூலையில் ரோம் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், தூளில் பாதியைக் கொண்டுபோகத் தருகிறேன். அகராதியை நானே கொடுத்துவிடுகிறேன்.