தக்காளிக்கான மெஷின்

மெல்பேர்னில் நான் நாலு வருடம் ஒரு ஹைட்ரோபொனிக் கடையில் வேலைக்கு நின்றேன். மண் இல்லாமல், தண்ணீரிலும் விளக்கு வெளிச்சத்திலும் செடி வளர்க்கிற சாமான்கள் விற்கும் கடை. ஊரில் இயந்திரப் பொறியியல் படித்தவன் நான். இங்கே அந்தப் படிப்பை ஒருவரும் சட்டை செய்யவில்லை. வீடு வெரிபீயில், கடை டண்டினோங் பக்கம். வேலையைவிடக் கார் ஓட்டம்தான் என்னைத் தின்றது. மனைவியிடமும் கோயிலில் விசாரிப்பவர்களிடமும் தோட்டச் சாமான் கடை என்று சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் கடைக்கு வருகிற எல்லோரும் தக்காளி வளர்ப்பவர்கள். அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் தலையாட்டுவோம். முதல் நாளே முதலாளி ஒன்றே ஒன்று சொல்லித் தந்தார். என்ன வளர்க்கிறாய் என்று யாரையும் கேட்காதே. அவர்களாகவே செடியின் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டால் ஒன்றும் விற்காமல் வெளியே அனுப்பு. தெரிந்துகொண்டு விற்றால் நாமும் உடந்தை. என்னுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் அப்போது குடிவரவுத் திணைக்களத்தில் கிடந்தது. பொலிஸ் சான்றிதழில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. ஆகவே தக்காளி என்றால் தக்காளி. தக்காளிக்கு எதற்கப்பா முடிவெட்டும் மெஷின் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மெஷின்கள் பின்சுவரோரம் இருந்தன. அறுத்த பூவைச் சுற்றி ஒட்டியிருக்கும் சின்ன இலைகளை வெட்டி எடுப்பதுதான் அவற்றின் வேலை. ஒன்று மேசையில் வைக்கிற சட்டி மாதிரி: மேலே கம்பித் தட்டு, கீழே காற்றாடியும் கத்தியும். பூவைக் கையில் பிடித்துத் தட்டின்மேல் உருட்டினால் இலையை உள்ளே இழுத்து வெட்டிவிடும். மற்றது பெரிய உருளை; கூடை கூடையாகக் கொட்டிச் சுற்றவிட வேண்டும். ஈரத்தில் எது நல்லது, காய்ந்ததில் எது நல்லது என்று எனக்கு மனப்பாடம். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேரம் டவுன்ஸ் கோயிலில் பழக்கமான அங்கிள் ஒருவர் உள்ளே வந்தார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். கை நடுக்க வருத்தம் வந்து இரண்டு வருடம். அவரைக் கண்டதும் எனக்கு விளக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிய வேண்டும்போல் இருந்தது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நீர் இஞ்சையே வேலை? நல்லதாப் போச்சு. அன்ரிக்குக் கீமோ குடுக்கினம். ஒரு வாய் சோறு வயித்திலை நிக்குதில்லை. வாந்தியை நிப்பாட்டும் எண்டு பக்கத்து வீட்டு வெள்ளை ஒரு கண்டு தந்திட்டு குயின்ஸ்லாந்து போயிட்டார். கறிவேப்பிலைக்குப் பக்கத்திலை வைச்சனான், நல்லாப் பூத்திட்டுது. இலையை வெட்டித்தான் காயவைக்க வேணுமாம். என்ரை கையைப் பாரும். கத்தரிக்கோல் பிடிக்கேலாது. எந்த மெஷின் நல்லது?"

நான் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னேன். உருளைக்குள் ஒரு செடியைப் போட்டால் போன இடம் தெரியாது. சட்டி மெஷினுக்குக் கை நடுங்கக்கூடாது, கீழே கத்தி. அவருக்குப் பொருந்துகிற மெஷின் கடையில் இல்லை. ஒரு பின்னேரம் உட்கார்ந்து வெட்டித் தர ஒரு ஆள்தான் வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயிலிலும் கடையிலும் பக்கத்தில் நிற்பவரைப் பற்றியே தமிழில் சத்தமாகக் கதைப்போம், யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவில். அங்கிளும் அந்தத் துணிவில்தான் கேட்டார்.

"அப்ப ஒரு கஞ்சாச் செடிக்கு மெஷினே இல்லையோ?"

தமிழில் இந்த நாடு முழுக்கத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்து, விரலால் வாசலைக் காட்டினார். நான் அங்கிளைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிப் போனேன். என்ன பிழை விட்டார் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவர் கேட்டார்: "தம்பி, நீர் ஒருக்கா வந்து வெட்டித் தருவீரோ?"

"பாப்பம் அங்கிள்" என்றேன்.

எங்களுக்குள் பாப்பம் என்றால் மாட்டேன் என்றுதான் பொருள். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டு போனார்.

முதல் ஞாயிறு களைப்பு. அடுத்த ஞாயிறு கார் சர்வீஸ். மூன்றாவது ஞாயிறு சாட்டு எதுவும் அகப்படவில்லை, சும்மா படுத்துக் கிடந்தேன். களைப்பு உண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது பயம். அந்த வீட்டில் கத்தரிக்கோலோடு நான் இருக்கும்போது பொலிஸ் வந்தால் விசா போய்விடும் என்ற பயம். பயந்தாங்கொள்ளி என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் களைப்பு என்று மனைவியிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள்.

இரண்டு மாதத்தில் அன்ரி போய்விட்டா. செத்தவீட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வந்தேன். எட்டாம் நாள் படையலுக்குப் போனபோது, சாப்பாடு முடிந்ததும் அங்கிள் என்னைப் பின்வளவுக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார். கூரை வளையில் செடி தலைகீழாகத் தொங்கியது. இலையோடு அப்படியே காய்ந்திருந்தது.

"தம்பி எப்ப வாறார் எண்டு அவ கடைசிக் கிழமை வரைக்கும் கேட்டவ" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு குசினியிலிருந்து கத்தரிக்கோலும் பழைய பேப்பரும் எடுத்து வந்தார். "இனி எறியத்தானே வேணும். முழுசாப் போட்டால் குப்பைக்காரன் கண்டிடுவான். சின்னனா வெட்டித் தாரும்."

தரையில் உட்கார்ந்து வெட்டினேன். அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.