சினோரா வராத நாள்

2024 பெப்ரவரி 6: தண்டம், 42 ஈரோ.
பெப்ரவரி 11: தள்ளுபடிக் கழிவோடு கட்டக் கடைசி நாள், 29.40 ஈரோ.
பெப்ரவரி 20: முறையீட்டுக்குப் பதிவுத் தபால், 7.10 ஈரோ.

வேலைக்கு நேரம் பிந்திவிட்ட கணவன் ஸ்ரான்லியை, அவன் வேலைசெய்யும் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் இறக்கிவிடத்தான் கிளறா அன்று போனாள். கார், அவள் பராமரிக்கும் எண்பத்தெட்டு வயது இத்தாலிய அம்மையார் சினோரா கொஞ்செத்தாவுடையது. சினோராவின் மாற்றுத்திறனாளி அட்டையை வைத்து, மாற்றுத்திறனாளிகளின் இடத்தில் நிறுத்தினாள். அட்டைக்குரியவர் கூட வந்தால்தான் அது செல்லும்; சினோராவோ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கோப்பி குடித்து வருவதற்குள் போக்குவரத்துக் காவலன் தண்டச் சீட்டு எழுதிவிட்டான்.

“முறையீட்டிலை, சினோராவும் காரிலை வந்தவ எண்டு எழுது. மனுசிக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகமில்லை, ஆர் கேக்கப்போகினம்?” என்றான் ஸ்ரான்லி.

“ஓம், உங்களுக்கென்ன! அந்த முகத்தைப் பாத்துக் கையெழுத்து வாங்கப்போறது நானெல்லோ.”

வாங்கினாள். சினோரா மறக்காமலிருக்க, அன்றாடம் நடப்பதைக் கொப்பியில் எழுதிவைப்பதும் கிளறாவின் வேலை. யாராவது விசாரித்தால் என்ற பயத்தில், ஆறாம் திகதிப் பக்கத்தில் ‘பல்கலைக்கழகம் போனோம்’ என்றும் சேர்த்தாள்.

அதை வாசித்த சினோரா, “நான் படித்த இடத்துக்குப் போயும் நினைவில்லையே!” என்று அழுதார். தினமும் வாசித்து வாசித்து அழுகை நின்றது. “வாசல் மரங்கள் அப்படியேதான் நின்றன, இல்லையா கிளறா?” என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், “ஓம், சினோரா” என்றாள். ஞாயிறன்று மாதா கோவிலில், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றும், சினோராவிடம் போய்ச் சொல் என்பார் சுவாமி என்று பயந்து, பாதியில் திரும்பிவிட்டாள்.

தண்டத்தை நீக்கிவிட்டதாகச் சொன்ன கடைசிக் கடிதம் வந்தது ஏப்ரல் 18ஆம் திகதி.