கேட்டுவிட்டுப் போகிறவர்

அவருடைய தொழிலுக்குப் பெயர் கிடையாது. வெளியார் விசாரித்தால் ‘வியாபாரம் சம்பந்தப்பட்டது’ என்பார். வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை. வெறும் பை ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்குள் போவார். அங்கே இல்லாத பொருளாகப் பார்த்துக் கேட்பார். இல்லை என்று பதில் வந்ததும் அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், எதிர்க்கடைப் பக்கம் கண்ணைத் திருப்பியபடி இறங்கிப் போய்விடுவார். ஒன்றும் வாங்க மாட்டார். வாங்காமல் போவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்தச் சம்பளத்தைக் கொடுத்தவர்கள் சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், குதிகால் வெடிப்புக் களிம்பு, ஷூ பாலிஷ் என்று வீட்டின் பின்கட்டில் தயாரிக்கிறவர்கள். டிவியில் விளம்பரம் செய்ய அவர்களுக்கு வக்கில்லை. விற்பனைப் பிரதிநிதியை அனுப்பினால் கடைக்காரர், “யாரும் கேக்கலையே” என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவார். அந்த ‘யாரும்’தான் இவர். இவர் கேட்டுவிட்டுப் போன சில நாட்களில் பிரதிநிதி அதே படியேறினால் நாற்காலி போடுவார்கள்.

முன்பு இவர் ஆயத்த ஆடைக் கடையில் சட்டை விற்றவர். நாள் முழுக்க நாற்பது சட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாங்காமல் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவருக்குத் தலை நரைத்தது. கடையை மூடியபோது அவருக்கென்று மிஞ்சியது அந்த முகம் ஒன்றுதான். அதை வைத்தே பிழைத்துக்கொண்டார். பொருளைப் புகழக் கூடாது என்பது அவர் கண்ட முதல் பாடம். புகழ்ந்தால் சந்தேகம் வரும், அலுத்துக்கொண்டால் நம்பிக்கை வரும். “வேற எதையாவது வாங்கிட்டுப் போனா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க சார்” என்பார். கடைக்காரர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆனவர்கள், புரிந்துகொள்வார்கள்.

மாமனார் விட்டுப்போன வீட்டின் மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். கீழே மனைவியின் தம்பி. அவன் பாத்திரம் கழுவும் திரவம் காய்ச்சிப் பச்சைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தான். எலுமிச்சம்பழம் எட்டிக்கூடப் பார்க்காத அந்த வீட்டில் எந்நேரமும் எலுமிச்சை வாசம் அடித்தது. வாசம் படியேறி மாடிக்கு வந்ததே தவிர, பாட்டில் படியிறங்கிக் கடைக்குப் போகவில்லை. தரம் தானாகப் பேசும் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

“தரம் பேசறப்போ பேசட்டும். நீங்க கொஞ்சம் பேசுங்களேன்” என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

அவருக்கு எங்கிருந்தோ ஒரு மிடுக்கு வந்துவிட்டது. சொந்தக்காரன் பொருளுக்குத் தான் கேட்பதில்லை, அது தொழில் தர்மம் என்று நீளமாகச் சொன்னார். பொய்யைக் கூலிக்குச் சொல்லலாம், உறவுக்குச் சொன்னால் அது மோசடி என்பது அவர் கட்சி. அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தர்மம் ஒரு வாரத்துக்குமேல் தாங்காது. மச்சினன் சாப்பிடாமல் பாட்டில்களுக்கு மூடி திருகிக்கொண்டிருந்ததைப் படியிலிருந்து பார்த்த மறுநாளே அவர் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து வாய்க்கால் சாலை, பள்ளிக்கூடம் வரை. “பாத்திரம் கழுவுற அந்தப் பச்சைப் பாட்டில் இருக்கா?” பெருமூச்சு. அடுத்த கடை. அவ்வளவு பெரிதாகப் பேசிவிட்டதால் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை.

கீழே போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு பெட்டி அனுப்புங்கள், விற்றதும் காசு தருகிறோம் என்றார்கள். தம்பி ஊர் வரைபடத்தை வாங்கிச் சுவரில் ஒட்டினான். கேட்டு வாங்கிய ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிவப்புக் குண்டூசி. அந்தச் சுவர் சிவக்கச் சிவக்க அவன் முகமும் தெளிந்தது. மச்சினனைச் சிரிக்க வைப்பது இத்தனை சுலபமா என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆலோசகர் வந்து சேரும்வரை.

கூர்மூக்கு ஷூ போட்ட அந்த ஆலோசகர் சிறு பிராண்டுகளுக்கு வழிகாட்டுகிறவர். குடும்பத்தையே வரைபடத்தின் முன் நிறுத்தி, இது வியாபாரம் இல்லை, அலை என்றார். “பாருங்க சார், பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிக்குது. வாய்க்கால் ரோடு பிடிச்சுப் போகுது. இங்க ஒரு வளைவு எடுக்குது.”

வளைவு எடுக்கும் இடத்தில் டீக்கடை இருந்தது. கடைகடையாகக் கேட்டுவிட்டு அங்கே உட்கார்ந்து கால் நீவிக்கொள்வது அவர் வழக்கம். பள்ளிக்கு முந்தைய சந்தில் ஊசியே இல்லை. அந்தப் பகுதிக்கு வாங்கும் திறன் குறைவு என்று ஆலோசகர் விளக்கினார். அந்தச் சந்தில் ஒரு நாய் இருந்தது. நடுவில் ஒரு வாரம் போன் அடிக்காததற்குக் காரணம் பள்ளி விடுமுறை, குடும்பங்கள் வெளியூர் போயிருக்கும் என்றார். அந்த வாரம் அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

தன் காலடித் தடத்தையே சுவரில் மாட்டி அதற்கு ஒருவர் பொழிப்புரை சொல்லக் கேட்பது சாமானிய அனுபவம் அல்ல. கையிலிருந்த டீயைக் குடிக்க அவர் மறந்துபோனார். அதற்குள் ஆலோசகர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். பாட்டில் நிரப்பும் பெரிய இயந்திரம் வேண்டும். கடைகளில் வாங்குகிறவர் கண் உயரத்துக்கு வரும் அலமாரித் தட்டை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். அலை இறங்குவதற்குள் ஏறிவிட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் எல்லாம் நடக்கும். அக்காவும் தம்பியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

“மாப்ளே, கடைக்குப் போனதெல்லாம் வித்துப்போனதா ஆயிடுமா?” என்று கேட்டுப் பார்த்தார்.

“யாரும் கேக்காமலா அத்தான் கடைக்காரன் கேப்பான்?” என்றான் மச்சினன்.

அதற்குப் பதில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தவர் கண்ணில் வரைபடத்தின் இன்னொரு மூலை பட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய மார்க்கெட். அங்கேயும் கொத்தாகச் சிவப்பு ஊசிகள். மேம்பாலத்தின் படிகளை அவர் முழங்கால் ஏறாது. மார்க்கெட்டை அவர் மிதித்தே வருஷங்கள் ஆகின்றன. அப்படியானால் அங்கே கேட்டவர்கள் நிஜமானவர்கள். கூலியில்லாமல், வேஷமில்லாமல், வீட்டில் கழுவப் பாத்திரம் உள்ள மனிதர்கள். பாதி அலை பொய்யாக இருந்தாலும் பாதி நிஜம். திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

மனைவியைப் பார்த்தார். அவள் மார்க்கெட் பக்கம் திரும்பவேயில்லை. பஸ் நிலையத்து ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டு, “போட்டுடலாம்” என்றாள்.

கையெழுத்தாயிற்று. இயந்திரம் வாசலில் நுழையாததால் முன்சுவரை இடித்தார்கள். அது ஓடத் தொடங்கியதும் மாடியில் தண்ணீர்க் குவளை தானாக மேசை ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. அதைத் திரும்ப நடுவில் வைப்பது இருவருக்கும் பழக்கமாகிப்போனது.

ஒருநாள் வாய்க்கால் சாலையில் புதுக்கடை என்று நினைத்து, முன்பே கேட்டிருந்த கடை ஒன்றிலேயே பச்சைப் பாட்டிலைக் கேட்டுவிட்டார். கடைக்காரர் மேல்தட்டுக்குக் கையை நீட்டி, பாட்டிலை எடுத்து, சட்டையால் தூசி துடைத்து நீட்டினார். “நல்லவேளை வந்தீங்க. இத்தனை மாசத்துல ஒரு ஆள் சீண்டலை. மொத்தமா எடுத்துக்கறீங்களா? இல்லைன்னா திருப்பி அனுப்பறதா இருக்கேன்.” கேட்ட பொருள் கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் தொழிலில் பாடமே இல்லை. பர்ஸை மறந்துவிட்டதாக முனகிவிட்டு இறங்கினார். முதுகில் அந்தப் பார்வை தெரு முனைவரை வந்தது.

அப்போதுதான் மார்க்கெட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த நிஜ மனிதர்களில் ஒருவரைப் பார்த்தால் போதும். மேம்பாலத்தில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பற்றி நின்று ஏறினார். கடைகடையாகப் பார்த்துக்கொண்டே போனார். பார்த்த கடையிலெல்லாம் பச்சைப் பாட்டில் இருந்தது. எல்லாப் பாட்டிலின் கழுத்திலும் தூசி இருந்தது.

பாட்டில் இன்னும் வந்து சேராத கடைசிக் கடையில் ஒரு பெண்மணி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் வெறும் பை. “வேற வாங்கிட்டுப் போனா வீட்ல சண்டை வரும்ங்க” என்றாள். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். வீட்டில் கண்ணாடி முன்னால் அவர் இதைப் பழகியபோது அவள் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்க வேண்டும். மூச்சின் கடைசியில் தோள் இறங்குவதுகூட அப்படியே வந்திருந்தது. எதிர்க்கடைப் பக்கம் கண்ணைத் திருப்பியவள் அவரைக் கண்டாள்.

“உங்களுக்கு என்ன சார்?” என்றார் கடைக்காரர்.

நாக்குக்குப் பழக்கம் என்று ஒன்று உண்டு. “அந்தப் பச்சைப் பாட்டில்” என்றுவிட்டார்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “ரெண்டு பேர் சேர்ந்தாப்ல வந்து கேக்கறாங்கப்பா. ரெண்டு பெட்டி போடு.”

இருவரும் மேம்பாலத்தில் பாதிவரை ஏறினார்கள். அவர் முழங்காலுக்காக நின்றபோது அவளும் நின்றாள்.

“பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூரா நீங்கதானா?”

“நாய் இருக்கற சந்து தவிர.”

“கேக்க மாட்டேன்னீங்களே. அதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்.”

“நான் மார்க்கெட்ட நம்பினேன்” என்றார்.

இன்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். இயந்திர இரைச்சலில் தம்பி ஸ்டூல்மேல் நின்றிருந்தான்.

“மெஷினை நிறுத்துடா. பேசணும்” என்றாள் அக்கா.

“ஓடறப்போ நிறுத்தினா எல்லாம் கொட்டிடும்க்கா. முதல்ல இதைக் கேளு. மார்க்கெட் கடைசிக் கடை. ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்து நின்னாங்களாம். ஆலோசகர்கிட்ட சொன்னேன், இன்னொரு மெஷினுக்கு முன்பணம் கட்டச் சொல்லிட்டார். கட்டிட்டேன்.” இறங்கி வந்து, சிவப்புக் குண்டூசி ஒன்றை அவர் கையில் வைத்தான். “இதை நீங்க குத்துங்க அத்தான். உங்க கை ராசியான கை.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வரைபடத்தைப் பார்த்தாள். ஊசியை மார்க்கெட்டின் கோடியில் வைத்து லேசாகத்தான் அழுத்தினார். அது தலைவரை உள்ளே போய்விட்டது. காகிதத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.