உப்புக்காற்றும் பாபுவின் பத்து விரல்களும்

கடலோரத்தில் டூவீலர் மெக்கானிக் கடை போட்டவருக்குப் பிழைப்பைத் தருவதும் உப்புக்காற்று, வயிற்றெரிச்சலைத் தருவதும் உப்புக்காற்று. நெம்மேலியில் இருக்கிறது என் கடை. நேற்று பளபளத்த செயின் இன்று துருவேறி 'கிரீச் கிரீச்' என்று கத்தும். உங்கள் வண்டியும் கத்துகிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான், உட்காருங்கள்.

அவசரக்காரன்

கடையில் நானும் பாபுவும்தான். வேலையில் கெட்டிக்காரன், தை மாதம் கல்யாணம் வேறு. ஆனால் பாழாய்ப்போன ஒரு பழக்கம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினைக் கியரில் ஓடவிட்டு, செயின் சுற்றச் சுற்றத் துணியால் பிடித்துத் துடைப்பான். சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைத்தால் நேரமாகிறதாம்! துணி மாட்டினால் விரலும் சேர்ந்து பல்சக்கரத்துக்குள் போய்விடும். "நிறுத்துடா பாவி!" என்று நான் கத்தாத நாளில்லை. அவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.

"வுடுக்கா, என் கை ஃபாஸ்ட்டு."

மணக்கும் செயின்

பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு சார் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். பின்னாலேயே தெருநாய்க் கூட்டம். கொஞ்ச நாளாக வண்டியை எடுத்தாலே துரத்துகின்றனவாம். குனிந்து செயினை மோந்து பார்த்தேன். அட கடவுளே, டீக்கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது! பாபு நாய்களை விரட்ட, நான் டீசலில் பிரஷ்ஷை நனைத்துப் பிசுக்கைத் தேய்த்தேன். "என்ன சார் ஊத்துனீங்க?" என்றேன். மனுஷன் முகத்தில் கொஞ்சமும் சங்கடமில்லை.

"கெட்ட எண்ணெய் இல்லம்மா, ஒரே ஒரு தடவ போண்டா போட்டதுதான்!"

சத்தமில்லாத வண்டி

பொத்தேரி காலேஜில் படிக்கும் பையன் ஒருவன், மகாபலிபுரம் போகிற வழியில் செயின் பார்க்க வந்தான். வந்தவன் நிற்கவில்லை. நேராகக் கடை வாசலில் கிடந்த பழைய டயர்க் குவியலில் போய்ச் சொருகினான். நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. பார்த்தால் பிரேக் டிஸ்க் முழுக்க எண்ணெய். செயினுக்கு அடிக்கிற ஸ்பிரேயை அதிலும் அடித்திருக்கிறான். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "இதுக்கு ஏண்டா அடிச்ச?" என்று கத்தினேன். பையன் பெருமையாகச் சொன்னான்.

"செயினு கத்துச்சு, அடிச்சேன். பிரேக்கும் கத்துச்சு, அதுக்கும் அடிச்சேன். இப்ப சத்தமே இல்ல பாருங்கக்கா!"

ரேவதி வந்த நாள்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாபு கட்டிக்கப்போகிற ரேவதி எனக்குப் புடவை கொடுக்க வந்தாள். அவள் முன்னால் சூரத்தனம் காட்டணுமே! எஞ்சினை ஓடவிட்டுத் துணியைச் செயினில் வைத்தான். படக்கென்று துணி உள்ளே போய்க் கையையும் இழுத்தது. நான் பாய்ந்து சாவியைத் திருகினேன். பாபு கையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பார்க்க எனக்குத் தைரியமில்லை. ரேவதிதான் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தன, ஆள்காட்டி விரல் நகம் மட்டும் போயிருந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவன் முதுகில் ரெண்டு வைத்தேன். ரேவதி அழவில்லை. சாவியை உருவி என் கையில் திணித்தாள்.

"தாலி கட்ற வரைக்கும் அந்த வெரலு உங்க பொறுப்புக்கா. அப்பால நான் பாத்துக்கறேன்."

கல்யாணத்துக்கு அப்புறம்

கல்யாணத்தன்று பாபு கட்டுப் போட்ட விரலோடு தட்டுத்தடுமாறித் தாலியில் ஒரு முடிச்சு போட்டான். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லாததால் மற்ற இரண்டையும் நான் போட்டேன். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அவன் வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு கஸ்டமர் வந்தார். சத்தம் எங்கே வருகிறது என்று காட்ட வண்டியைக் கியரில் ஓடவிட்டு, குனிந்து செயின் பக்கம் விரலை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாபு ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினான்.

"யோவ் அண்ணாத்த, மொதல்ல ஆஃப் பண்ணு! வெரலு இன்னா கடையில விக்குதா?"

அன்றிலிருந்து என் கடையில் கத்துகிற வேலையையும் சம்பளமில்லாமல் பாபுவே பார்த்துக்கொள்கிறான், எனக்குத் தொண்டை வலி விட்டது.