போத்தல் இல்லாமல் வந்த டொபி

போன வருஷம் நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

திருவிழாவுக்கென்று கனடாவில் இருந்து வந்த அண்ணா, திரும்பிப் போகும் முன் எங்களோடு தங்கியிருந்தார். வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தால் தெரியும்தானே, சூட்கேஸ் திறக்கிறபோது வீடே சுற்றி நிற்கும். பாரம் கூடிவிடும் என்று விட்டமின், சொக்லேட், டொபி எல்லாவற்றையும் போத்தலிலும் பெட்டியிலும் இருந்து கொட்டி, பொலித்தீன் பைகளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கெட்டிக்காரத்தனம் என்று நாங்களும் சிரித்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். கதிரையில் இருந்த அம்மா, "பிள்ளை, சுவர் ஆடுது" என்றார். வாய் குழறியது. கண் சொருகியது. எழும்பப் பார்த்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எழுபது தாண்டியவர், இதயத்துக்கு மருந்து எடுப்பவர். அண்ணாவும் நானும் அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி, காலி வீதி நெரிசலுக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

புதிதாக ஏதும் மருந்து எடுத்தவரா என்றுதான் டொக்டர் முதலில் கேட்டார். இல்லை என்றேன் நான். அண்ணா ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பாரிசவாதமாக இருக்கலாம், இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட யோசிக்கிறோம், ஆனால் அதனால் மூளைக்குள் இரத்தம் கசியவும் கூடும், சம்மதமா என்று கேட்டார் டொக்டர். ஓம் என்று சொல்ல வாயெடுக்கிறேன், அண்ணா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நான் கொண்டு வந்த ஜெலி டொபியில கொஞ்சம் கஞ்சாச் செடியில செய்யிறது. முழங்கால் நோவுக்கு எண்டு அம்மாட்டக் குடுத்தனான். ஒண்டு கேக்காட்டி இன்னொண்டு போடுங்கோ எண்டும் சொன்னனான். டொக்டரிட்டச் சொல்லிப்போடாதை, பொலிஸுக்குப் போயிடும். வாற கிழமை எனக்கு ஃப்ளைட்."

எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ தெரியாது. வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "டொக்டர், ஊசி போடாதேங்கோ! அம்மாவுக்குக் கஞ்சா டொபி குடுத்திருக்கிறார் இந்த மனுஷன்!"

ஊசி நின்றது. ஒரு டொபியில் எவ்வளவு இருந்தது, லேபலைக் காட்டுங்கள் என்றார் டொக்டர். லேபலா? அது போத்தலோடு கனடாவில் குப்பைக்குப் போய்விட்டதே! லேபல் இருந்தாலும் அதில் போட்டிருக்கிற அளவும் உள்ளே இருக்கிற அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது என்றார் அவர். இது மெதுவாகத்தான் ஏறுமாம், ஒன்றும் செய்யவில்லையே என்று ஆட்கள் இரண்டாவதைப் போடுவார்களாம். அம்மா செய்ததும் அதேதான். இதயநோயாளிக்கு இது விளையாட்டில்லை என்று அண்ணாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அங்க இது லீகல், கடை வழிய விக்கினம்" என்று அண்ணா முணுமுணுத்தார். கடையில் விற்றால் என் அம்மாவின் இதயத்துக்கும் ஒத்துக்கொள்ளுமா? என்ன இருக்கிறது என்று தெரியாத சாமானை மூலிகை என்று சொல்லிப் பெற்ற தாயின் வாயில் போட எப்படி மனம் வந்தது?

அடுத்த நாள்தான் அம்மா தெளிந்தார். கண் விழித்ததும் கேட்டது, "அண்ணன் ஏதும் சாப்பிட்டவனோ?" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

பொலிஸ் வரவில்லை. அண்ணா சொன்ன நாளில் ஃப்ளைட் ஏறினார். அவரை வழியனுப்ப எப்போதும் வான் பிடித்துக் குடும்பமாகக் கட்டுநாயக்கா எயார்போர்ட் வரைக்கும் போகிற நான், இந்த முறை வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அவர் ஆபத்துத் தெரியாமல் கொடுத்ததை என்றாவது மறந்துவிடுவேன். டொக்டர் கேட்டபோது, தெரிந்துகொண்டே ஃபோனைப் பார்த்தபடி நின்றதை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.