நம்மூரில் சூரியன் விழும் இடம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் எதிரில் வாயைத் திறந்து சொல்ல வராது என்பதால் எழுத உட்கார்ந்தேன். பிழைகளை மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அப்பா மட்டும் இன்னும் பிரெஞ்சுப் பட்டாளத்தில்தான் இருந்தார். பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்போம்; எங்கள் தெருவில் சொல்தா வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு அவர் போய் மூன்று வருடம் முடிந்திருந்தது. அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு கையெழுத்துப் போட்டால் மேலும் சில வருடம் அங்கேயே இருக்க வேண்டும். போடாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். எல்லோரும் சௌக்கியம், மழை பெய்தது, பையன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

“வாங்கன்னு எழுதட்டுமாம்மா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

“வர்றவங்கள யாரும் கூப்புடத் தேவயில்ல. நீ பேரப் போட்டு மடி.”

அந்த சமயத்தில் அப்பாவிடமிருந்து ஒரு படம்போட்ட அட்டை வந்தது. கடல், அதன் விளிம்பில் பாதி மூழ்கிய சூரியன். பின்பக்கத்தில் அப்பா எழுதியிருந்தார்: ‘இங்கே சூரியன் கடலில் விழுகிறது. நம்மூரில் எங்கே விழும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.’

நான் படித்துக் காட்டியதும் அம்மா, “மறக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சாப்பாட்டில் உப்பே இல்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. சூரியன் விழும் இடமே மறந்துவிட்டதென்றால், அடுத்தது எங்கள் தெரு, அதற்கடுத்தது நாங்கள். அந்த இடத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் அவர் கையெழுத்துப் போடுமுன் ஞாபகம் வந்துவிடும் என்று முடிவு செய்தேன். அலமாரி மேல் அப்பா விட்டுப்போன பெட்டிக் கேமரா இருந்தது. அம்மாவைப் படம் பிடித்து எடுத்துப்போக ஆசைப்பட்டு வாங்கியது. மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று அம்மா கடைசிவரை மறுத்துவிட்டாள்.

அம்மாவின் தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமாவுக்குத் தெரியாத வேலை பாண்டிச்சேரியிலேயே கிடையாது. அதை அவரே சொல்வார். “போட்டோதான? பட்டன அமுக்கறதுக்கு இன்னா படிப்பாடா வேணும்?” என்று எட்டுப் படமுள்ள சுருளை நான்கு மாலையில் மொட்டை மாடியிலிருந்து எடுத்து முடித்தார்.

கழுவி வந்த படங்களை ஸ்டுடியோக்காரர் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

“இன்னா தம்பி, எட்டு படத்துலயும் முட்டய ஒடச்சு ஊத்தி வெச்சிருக்க?”

“சூரியங்க அது” என்றார் மாமா.

“நீ சொன்னாதான தெரியுது? அதுவும் எந்த ஊரு சூரியன்? இந்த ஊருன்னு சொல்ல ஒரு மரம் மட்டகூட இல்லியே. நேரா அது மூஞ்சிக்கு எதிர்ல கேமராவ நீட்டினா அது கண்ண குத்தாம இன்னா செய்யும்? எதுக்குனா பின்னால ஒளிய வுடு. முன்னால எதயாவது நிறுத்து. மேகமே இல்லாத அன்னிக்கு எடுக்காத. வானம் வெறும் செவுராட்டம் வுழும்.”

“முன்னால ஆளு நின்னா?” என்று நான் கேட்டேன்.

“கருப்பா வுழுவாங்க. ஆளு இருக்கறது தெரியும், மூக்கு முழி ஒண்ணும் தெரியாது.”

வீட்டில் அம்மா மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் இதையெல்லாம் ஒப்பித்தேன். அம்மா கையை நிறுத்தினாள்.

“மூஞ்சியே தெரியாதாமா?”

“கரிக்கட்டயாட்டம் இருக்குமாம்.”

அம்மா மீனைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

அடுத்த சுருள் வாங்கியதும் மாமா கேமராவை என்னிடமே கொடுத்துவிட்டார். கை வலிக்கிறதாம். சுருளை உடனே போடாமல், ஒரு வாரம் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு தினமும் மாலையில் மாடியில் உட்கார்ந்தேன். குனிந்து மேலிருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் வலது இடதாகத் தெரியும். காக்கை ஒரு பக்கம் பறந்தால் கண்ணாடியில் மறு பக்கம் போகும். அது பழகவே இரண்டு நாள் ஆனது. கையில் பிடித்தால் ஆடுகிறது. கவிழ்த்த வாளிமேல் வைத்தால் ஆடவில்லை. ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் பெரிய மார்க்கெட் மணிக்கூண்டு தெரியும். நாலடி தள்ளி உட்கார்ந்தால் சூரியன் சரியாகக் கூண்டுக்குப் பின்னால் போய்விடும். அப்போது கண் கூசாது, மேகத்தின் ஓரமெல்லாம் வெளிச்சம் ஓடும். அந்தக் கூண்டைப் பார்த்தால் பாண்டிச்சேரிக்காரன் எவனுக்கும் ஊர் ஞாபகம் வராமல் போகாது.

சுருளைப் போட்ட பிறகு மேகம் வரவில்லை. பொறுமையில்லாமல் ஏழு படத்தை வீணடித்தேன். எட்டாவதை மட்டும் மேகம் வரும்வரை தொடுவதில்லை என்று அம்மா தலைமேல் சத்தியம் செய்தேன்.

ஒரு நாள் மத்தியானம் மழை பெய்து ஓய்ந்தது. மாலையில் மேற்கே மேகம் உழுத நிலம்போல் கிடந்தது. நானும் மாமாவும் மாடிக்கு ஓடினோம். வாளி, பெட்டி, மணிக்கூண்டு எல்லாம் சரியாக இருந்தன. சூரியன் கூண்டுக்குப் பின்னால் இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தேன். கண்ணாடிக்குள் ஓரமாக யாரோ நுழைந்தார்கள்.

அம்மா. ஈரப் புடவை ஒன்றைக் கொடியில் போடுவதற்காக இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். முதுகு எங்கள் பக்கம்.

“அக்கா, தள்ளிக்கோ! தள்ளிக்கோக்கா!” என்று மாமா கத்தினார்.

அம்மாவுக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள். சூரியனோ கூண்டின் மறுபக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அமுக்கினேன்.

“போச்சு! மொத்தமும் போச்சு!” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் அழுதேன். அம்மா திரும்பிப் பார்த்து, “ஏன்டா அழுவுற, இன்னா ஆச்சு இப்ப?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் அந்தப் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

“யாருடா இது?”

“எங்கம்மா. தெரியாம குறுக்க வந்துட்டாங்க.”

“தெரியாமயா?” என்று சிரித்தார். “எட்டுல இது ஒண்ணுதான் படம். இதயே அனுப்பு.”

வேறு நல்ல படம் இல்லாததால்தான் அதை உறையில் வைத்தேன். மணிக்கூண்டு தெளிவாக இருந்தது, மேகமும் நன்றாக இருந்தது, அம்மாதான் கெடுத்துவிட்டாள் என்று எனக்கு மனத்தாங்கல். ‘சூரியன் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது, அம்மா குறுக்கே வந்ததை மன்னிக்கவும்’ என்று அப்பாவுக்கு விளக்கமும் எழுதினேன்.

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. மாமா வெளியே போயிருந்தார். அம்மா ஈரக் கையைத் துடைக்காமலே கதவோரம் வந்து நின்றாள். நான் படித்தேன். ‘கையெழுத்துப் போடவில்லை. அடுத்த கப்பலில் இடம் கேட்டிருக்கிறேன்.’ நான் குதித்தேன். மணிக்கூண்டு வேலை செய்துவிட்டது! ஆனால் மீதிக் கடிதத்தில் மணிக்கூண்டைப் பற்றி ஒன்றுமே இல்லை. மேகம், சூரியன் எதுவும் இல்லை. கீழே ஒரே ஒரு வரி இருந்தது: ‘விளக்கு வைக்கும் நேரத்தில், அதுவும் மழைக் காற்றில், ஈரத் துணி உலர்த்துகிறவள் இந்த உலகத்தில் உன் அம்மா ஒருத்திதான் என்று அவளிடம் சொல்.’

எனக்கு ஒரே ஆத்திரம். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தில் இவருக்குக் கண்ணில் பட்டது துணிக்கொடியா?

“இன்னொரு வாட்டி படி” என்றாள் அம்மா.

படித்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் படிக்கச் சொன்னாள். அம்மாவுக்குக் காது மந்தமாகி வருகிறது, அதனால்தான் அன்று மாமா கத்தியதும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இன்னும் உரக்கப் படித்தேன்.

22-1-1998, வியாழக்கிழமை